மலையோர வீட்டுக்கு எந்தத் துப்பாக்கி?
மருங்காபுரி முதல் கடையம் வரை

திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருக்கக் கூடும். மயில்களுக்குப் பேர்போன விராலிமலையைக் கடந்து துவரங்குறிச்சியை நெருங்கும்போது நிலத்தின் தோற்றமே மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? காவிரிக் கரையின் வாழையும் நெல்லும் பின்தங்கிவிடும். செம்மண் மேடுகள், பாறைக் குன்றுகள், முள்மரக் காடுகள், மானாவாரிக் கொல்லைகள் என்று வறண்ட பூமி தொடங்கிவிடும். மேற்கே தொலைவில் கரந்தமலைத் தொடர் நீல நிறத்தில் தெரியும். இந்தப் பூமிதான் மருங்காபுரி.

இன்று திருச்சி மாவட்டத்தில் ஒரு வட்டமாக விளங்கும் இவ்வூர், ஒரு காலத்தில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த அதிகாரம் முடிவுக்கு வந்தது. சுற்றுவட்டாரத்தில் நம் மக்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். துவரங்குறிச்சியில் கடைவீதி, புத்தாநத்தத்தில் ஆயத்த ஆடைத் தொழில், இவை போதாதென்று வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் உழைப்பு என்று பாடுபட்டுப் பொருள் சேர்த்தவர்கள் இவர்கள். அவ்வாறு சேர்த்த பொருளைக் கொண்டு மலையடிவாரத்தில் ஒரு தோப்பு வாங்கி, அதில் சிறியதொரு வீடும் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது பலரின் வாழ்நாள் ஆசை. அந்த ஆசை நிறைவேறிய சில மாதங்களிலேயே ஒரு கேள்வி எழுந்துவிடுகிறது.

“காட்டு விலங்குகள் வரும் இடமாயிற்றே! பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கி வைத்தால் என்ன? எது சிறந்தது? கைத்துப்பாக்கியா, இரட்டைக்குழலா?”

மலையோரத்தில் குடும்பம் நடத்துகிற ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி இது. ஆகவே இதற்கு நேர்மையான விடை காண்போம்.

துப்பாக்கி பிறக்கும் மாவட்டம்

இந்தக் கேள்வி எழுவதற்குத் திருச்சியைப் போலப் பொருத்தமான மாவட்டம் வேறில்லை. இந்திய இராணுவத்துக்குச் சிறு ஆயுதங்கள் செய்து தரும் தொழிற்சாலை 1960களிலேயே இங்கு நிறுவப்பட்டது. ‘டிரிச்சி அசால்ட் ரைபிள்’ என்று இவ்வூரின் பெயரையே தாங்கிய துப்பாக்கி 2017இல் அங்கிருந்து வெளிவந்தது. 2021 அக்டோபர் முதல் அத்தொழிற்சாலை, மத்திய அரசின் புதிய ஆயுத உற்பத்தி நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகிறது.

ஆனால் துப்பாக்கி செய்யும் மாவட்டத்தில் வாழ்வதால் துப்பாக்கி எளிதில் கிடைத்துவிடாது. தென்னகப் பாளையங்களின் ஆயுதப் பழக்கத்துக்கு 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் கிளைவ் விடுத்த பிரகடனமே தடை போட்டுவிட்டது. பின்னர் 1878இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் பொதுமக்களின் கையை இன்னும் இறுகக் கட்டியது. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. இன்று நடப்பில் உள்ளது அதுவே.

அச்சட்டப்படி 21 வயது நிறைந்தவர் மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்யலாம். பெருநகரமாயின் காவல் ஆணையரிடம் செய்யவேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி துப்பாக்கியைக் கையாளும் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கும், உயிர்ப் பாதுகாப்புக்கென்று இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உடைய வேட்டைத் துப்பாக்கிக்கும் சட்டத்தில் தனி இடம் உண்டு. சட்டம் அந்தத் தனி இடத்தை நீண்ட குழல் துப்பாக்கிக்கே அளித்திருக்கிறது, கைத்துப்பாக்கிக்கு அளிக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருங்காபுரியின் விலங்குகள் எவை?

ஆயுதத்தைப் பற்றிப் பேசுமுன் எதிரி யார் என்று பார்க்க வேண்டுமல்லவா? இந்த வறண்ட காடுகளில் உங்களை வழிமறிக்கக் கூடியவை காட்டுமாடும் காட்டுப்பன்றியும்தாம். ஒரு டன்னை எட்டக்கூடிய எடையும் வளைந்த கொம்பும் கொண்ட காட்டுமாடுகள் கோடையில் தண்ணீர் தேடி மலையிலிருந்து இறங்கி, கொல்லைகளில் புகுந்துவிடுகின்றன. இரவில் மரக்கிளைகளில் ஊர்ந்து திரியும் தேவாங்கு எவருக்கும் கேடு செய்யாத சிற்றுயிர். அதைப் பாதுகாக்கவே அண்டையிலுள்ள கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது.

ஆயினும் மனிதனை நேருக்கு நேர் எதிர்த்து, முகத்தைக் குறிவைத்துப் பாயும் விலங்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கரடிதான். துப்பாக்கி பற்றிய பேச்சுக்குச் சரியான உரைகல்லும் கரடிதான். அந்த உரைகல்லைக் காண நாம் மருங்காபுரியிலிருந்து மேலூர், மதுரை வழியாகத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் வரை சென்றாக வேண்டும்.

கடையம் மலையடிவாரம்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் கடையம் இருக்கிறது. பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர். பாரதியாரும் இங்கே சில காலம் வாழ்ந்திருக்கிறார். அதற்குச் சற்றுத் தொலைவில்தான் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலால் நாடெங்கும் அறியப்பட்ட பொட்டல்புதூர். எல்லாச் சமயத்தாரும் வந்து போகும் தலம். இந்த ஊர்களின் மேற்கே, கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே மலை எழுந்து நிற்கிறது. களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காடு அது. நெல் வயலும் தென்னந்தோப்பும் அந்தக் காட்டின் ஓரம் வரை சென்று முட்டுகின்றன.

2022 நவம்பரில் இந்த அடிவாரக் கிராமச் சாலை ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். மசாலாப் பொட்டலங்களை ஊர் ஊராகக் கொண்டு விற்கும் வியாபாரி ஒருவர் இருசக்கர வாகனத்தில் சென்றுகொண்டிருந்தார். புதரிலிருந்து வெளிப்பட்ட கரடி அவரைக் கீழே தள்ளிக் கடித்துக் குதறியது. அலறல் கேட்டுக் காப்பாற்ற ஓடிவந்த வேறு இருவரையும் அது விடவில்லை. மூவரும் முகத்திலும் உடலிலும் படுகாயமடைந்தார்கள். வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திக் கரடியைப் பிடித்துக் காட்டுக்குக் கொண்டு சென்றார்கள். பின்னர் அந்தக் கரடியும் இறந்துபோயிற்று.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். அந்த வியாபாரியின் இடுப்பில் உலகிலேயே வலிமைமிக்க கைத்துப்பாக்கி ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு கையும் வண்டியின் கைப்பிடியில். கரடி தெரிந்த கணமும் பாய்ந்த கணமும் ஒன்று. காப்பாற்ற வந்தவர்களின் கையில் துப்பாக்கி இருந்திருந்தாலோ, மனிதனும் விலங்கும் ஒரே உருவாகப் புரண்டுகொண்டிருக்கும்போது யாரைக் குறி பார்ப்பது?

கரடியின் குணம்

நம்மில் மூத்தவர்கள் தெருவில் கரடி வித்தை பார்த்திருப்பார்கள். மூக்கில் கயிறு கோத்த கரடி, கோலுக்கு அஞ்சி ஆடும். வடநாட்டில் அந்தத் தொழிலையே நம்பி வாழ்ந்தவர்கள் கலந்தர் எனப்படும் முஸ்லிம் நாடோடி மக்கள். தொண்டு நிறுவனங்கள் 600க்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டு, கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலும் பிள்ளைகளுக்குக் கல்வியும் ஏற்படுத்திக் கொடுத்தன. 2009 டிசம்பரோடு அந்த வித்தை முடிவுக்கு வந்தது. ஆடும் கரடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கரடி சாதுவாகத் தோன்றலாம். காட்டிலுள்ளது அதுவல்ல.

நம் நாட்டுக் கரடி கறையானையும் எறும்பையும் தேனையும் பழங்களையும் உண்டு வாழ்வது. சங்க நூல்கள் அதனை எண்கு என்றும் உளியம் என்றும் வழங்குகின்றன. மேல்தாடையின் நடு முன்பற்கள் இரண்டும் அதற்கு இல்லை. அந்த இடைவெளி வழியேதான் கறையானை உறிஞ்சி இழுக்கிறது. புற்றை உடைக்க நீண்டு வளைந்த நகங்கள். ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை எடை இருக்கும். மோப்பம் கூர்மை, பார்வையும் செவியும் மந்தம். இதுவே ஆபத்தின் வேர்! நீங்கள் வருவது அதற்குத் தெரியாது. புற்றில் தலையை நுழைத்திருக்கும்போது திடீரென்று பத்தடியில் மனிதனைக் கண்டால் அது ஓட நினைப்பதில்லை, தாக்கவே நினைக்கிறது. புலி நடமாடும் காட்டில் பிறந்த விலங்கின் தற்காப்புப் பழக்கம் அது. முதுகில் குட்டியைச் சுமந்திருக்கும் தாயாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

சத்தீஸ்கரின் வடக்கு பிலாஸ்பூர் வனப்பகுதியில் 1998 ஏப்ரல் முதல் 2000 டிசம்பர் வரை நடந்த கரடித் தாக்குதல்களை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 137, இறந்தவர்கள் 11 பேர். பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். கரடி மனிதனைத் தின்ன வருவதில்லை, அச்சம் தீர்ந்ததும் போய்விடுகிறது. ஆனால் கண்ணும் தாடையும் சிதைந்து உயிர் பிழைப்பவரின் துன்பம் வாழ்நாள் துன்பம்.

கைத்துப்பாக்கியின் உண்மை வலிமை

கரடிக்காகவே கைத்துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் வழக்கம் அமெரிக்காவின் அலாஸ்காவில் உண்டு. அங்குள்ள பழுப்புக் கரடி நம் கரடியைப் போலப் பல மடங்கு எடையுள்ளது. மீன் பிடிப்போரும் காடு அளப்போரும் 1950களில் வெளிவந்த .44 மேக்னம் ரிவால்வரை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். 2003இல் அதனினும் வலிய .500 மேக்னமும் வந்தது. அவர்கள் சொல்லும் இலக்கணம் இதுதான்: குண்டு மண்டையோட்டையும் தோள் எலும்பையும் துளைத்து உள்ளே செல்ல வேண்டும், துப்பாக்கி சிக்கிக்கொள்ளாமல் இயங்க வேண்டும், பின்னுதைப்பைத் தாங்கி இரண்டாவது தோட்டாவையும் குறிதவறாமல் சுட உங்களால் முடிய வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் பெரும்பாலோர் தோற்றுப்போகிறார்கள். வலிமை கூடக்கூட உதைப்பும் கூடும். ஆண்டு முழுதும் பழகாத கைக்கு அத்துப்பாக்கி வெறும் இரும்புதான்.

நம் நாட்டில் உரிமம் பெற்றவர் வழக்கமாக வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி எது? கான்பூரில் செய்யப்படும் .32 ரிவால்வர். பெண்களின் பாதுகாப்புக்கென்று 2014இல் வெளியிடப்பட்ட ‘நிர்பீக்’கும் அந்த வகையே. விலை இலட்சத்தைத் தாண்டும். .44 மேக்னம் தோட்டாவின் ஆற்றலோடு ஒப்பிட்டால் .32 தோட்டாவின் ஆற்றல் ஏழெட்டில் ஒரு பங்கு. கரடியின் அடர்ந்த உரோமத்தையும் தடித்த தோலையும் கொழுப்பையும் தாண்டி அது உடனே கரடியை வீழ்த்தும் என்று எண்ணுவது வீண் நம்பிக்கை. காயம்பட்ட கரடியோ, காயம்படாத கரடியைவிடக் கொடியது. 12 போர் இரட்டைக்குழலில் தனிக்குண்டு போட்டுச் சுட்டால் வலிமை பலமடங்கு உண்டு. ஆனால் அதைத் தோளில் ஏற்றிக் குறிபார்க்க நேரம் வேண்டும். பத்து மீட்டர் தூரத்தைக் கரடி இரண்டு விநாடிக்குள் கடந்துவிடுகிறதே!

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி ஏந்தியவர்கள் கரடியைச் சந்தித்த 269 நிகழ்ச்சிகளை ஆய்ந்து 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீண்ட துப்பாக்கி 76 விழுக்காடும் பயன் தந்தன. ஆனால் துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும், கையில் இருந்தும் சுடாமல் விட்டவர்களுக்கும் காயம்பட்ட அளவில் வேறுபாடு காணப்படவில்லை. அதற்கு முன் 2008இல் அதே ஆய்வாளர்களின் மற்றோர் ஆய்வு வந்தது. கரடி மேல் பீய்ச்சும் காரத் தெளிப்பான் பற்றியது அது. பழுப்புக் கரடியை அது 92 விழுக்காடு தடுத்து நிறுத்தியது. அதிலுள்ள மருந்து என்ன தெரியுமா? நம் வீட்டு அடுக்களையில் இருக்கும் மிளகாயின் காரச் சத்துத்தான்! ஆனால் கடைகளில் பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள விற்கும் சிறு குப்பி அந்தப் பணிக்குப் போதாது. கரடிக்கெனச் செய்யப்படுவது பெரிய குப்பி, பல மீட்டர் தூரத்துக்கு மேகம்போலப் பரவுவது.

ஆலம் பக்ஸின் துயரம்

துப்பாக்கியால்தான் முடியும் என்ற நிலை வரவே வராதா? வந்திருக்கிறது. வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் 1957இல் வெளியான தம் நூலில் அப்படி ஒன்றை எழுதியிருக்கிறார். மைசூர் நாட்டில் அரசிக்கெரேயை அடுத்த சாலையோரத் தர்கா ஒன்றை ஆலம் பக்ஸ் என்னும் முதியவர் காத்துவந்தார். பக்கத்து மரங்களின் பழங்களைத் தேடி இரவில் கரடி வரும். ஓர் இரவு வெளியே வந்த அவருடைய வாலிப மகனை அது தாக்கிக் கொன்றுவிட்டது. மனமுடைந்த தந்தை ஆண்டர்சனுக்குச் செய்தி அனுப்பினார். அதே கரடி மேலும் பலரைக் கொன்றும் ஊனமாக்கியும் திரிந்தது. வலிய ரைபிளும் பல்லாண்டு அனுபவமும் உடைய அவருக்கே அதை உடனே முடிக்க இயலவில்லை. பலமுறை முயன்ற பின்னரே வீழ்த்தினார்.

மகனை இழந்த தகப்பனின் கோபம் நியாயமானது. அத்தகைய கொலைகாரக் கரடியை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அது கைதேர்ந்தவரின் வேலை. இன்று அந்தப் பொறுப்பு வனத்துறையுடையது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கரடியையும் காட்டுமாட்டையும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உங்கள் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அப்போது நீங்கள் அச்சட்டத்தை மீறும் செயல் எதிலும் ஈடுபட்டிருக்கக் கூடாது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்த குற்றத்துக்கு இந்தப் பிரிவு நிழல் தராது. சரணாலயத்துக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதியின்றி எந்த ஆயுதத்தையும் கொண்டு செல்லவும் முடியாது. அதாவது, கரடி நிறைந்த காட்டுக்குள் உங்கள் துப்பாக்கிக்கே இடமில்லை.

காசு செலவில்லாத காவல்

அப்படியாயின் மலையோரக் குடும்பம் என்ன செய்வது? கரடியோடு காலமெல்லாம் வாழ்ந்தவர்களும் அதை ஆய்ந்தவர்களும் சொல்லும் வழிகள் இவை.

விடியலிலும் அந்தியிலும் கரடி நடமாட்டம் மிகுதி. சுபுஹு தொழுகைக்குச் செல்வோரும், இஷா முடிந்து தோப்புக்குத் திரும்புவோரும் தனியே போகாமல் இருவர் மூவராகச் செல்லுங்கள். கையில் நல்ல டார்ச் விளக்கும் கோலும் இருக்கட்டும். பேசிக்கொண்டே நடங்கள், கோலால் தரையைத் தட்டுங்கள். நீங்கள் வருவது அதற்குத் தெரிந்துவிட்டால் அதுவே விலகிப் போய்விடும். செவி மந்தமான விலங்காதலால் சத்தம் சற்று உரக்கவே இருக்கட்டும்.

வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டி விடுங்கள். எச்சில் உணவையும் அழுகிய பழங்களையும் வெளியே கொட்டாதீர்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் எண்ணெய்க்காகவும் வெல்லத்துக்காகவும் கடைக் கதவையே உடைத்துப் பழகிய கரடிகள் உண்டு. ஒருமுறை ருசி கண்டால் மறுபடியும் வரும். கழிவறையை வீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். இருட்டில் வெளியே செல்லும் பெண்களும் சிறுவர்களுமே எளிதில் அகப்படுகிறார்கள்.

எதிர்ப்பட்டுவிட்டால் ஓடாதீர்கள், மனிதனைவிட வேகமாக ஓடவல்லது அது. முகத்தை அதன் பக்கமே வைத்து மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டதென்றால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளுங்கள். காயம் சிறிதாயினும் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வது கட்டாயம். வனத்துறைக்குத் தெரிவித்து இழப்பீட்டுக்கு மனுக் கொடுப்பது உங்கள் உரிமை.

மருங்காபுரித் தோப்புக்காரருக்கு

மருங்காபுரிப் பக்கத்தில் தோப்பு வாங்கியிருக்கும் வாசகருக்கு இன்னும் ஒரு செய்தி உண்டு. இங்கே உங்கள் கவலை காட்டுமாடும் பன்றியும். காட்டுமாட்டைக் கைத்துப்பாக்கியால் மிரட்ட நினைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. அதைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்குவதே அறிவு. பன்றியைப் பொறுத்தவரை 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் பயிரை அழிப்பவற்றைச் சுடலாம். சுடுபவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே, நிலத்துக்காரர் அல்லர்.

இந்த வழியை விட்டுச் சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள், பழத்துக்குள் வெடிமருந்து வைத்து அவுட்டுக்காய் போடுகிறார்கள். அந்தக் கம்பி, பன்றியா பக்கத்துத் தோட்டத்து வேலையாளா என்று பார்ப்பதில்லை. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன அத்தா விடிந்தும் வீடு திரும்பாத குடும்பங்கள் தமிழகத்தின் பல மாவட்டங்களில் உண்டு. காட்டை ஒட்டிய சுற்றுச்சுவரில்லாத கிணறும் அப்படித்தான். தண்ணீர் தேடி வரும் காட்டுமாடும் அதில் விழும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையும் விழும். ஒரு ரிவால்வரின் விலையில் இரண்டு கிணறுகளுக்காவது சுவர் எழுப்பிவிடலாம்.

ஆகவே, “எந்தத் துப்பாக்கி?” என்று கேட்கும் சகோதரருக்கு நம் விடை இதுவே. சட்டப்படி உரிமம் பெற்று, பயிற்சியும் பெற்று, வீட்டில் பூட்டி வைக்கும் ஒழுங்கும் உங்களிடம் இருக்குமாயின், மலையோரத் தோப்புக்குக் கைத்துப்பாக்கியைவிட நீண்ட குழல் துப்பாக்கியே பொருந்தும். ஆனால் அதை வாங்கும் முன் வாசலில் விளக்குப் போடுங்கள், புதரை வெட்டுங்கள், கிணற்றுக்குச் சுவர் கட்டுங்கள், பக்கத்துத் தோப்புக்காரரோடு சேர்ந்து இரவு நடை நடக்க ஏற்பாடு செய்யுங்கள். வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இவை அனைத்தையும் செய்து முடித்த பின்னும் துப்பாக்கி வேண்டுமென்று தோன்றினால், அப்போது ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொள்ளலாம்.